டிரங்க் அண்ட் டிரைவ் தண்டனைக்கு அப்பீல்: போலீஸ் நடந்துகொண்ட விதம் எவ்வளவு தூரம் உதவும்?

இரவு பத்து மணிக்கு டாஸ்மாக் மூடிய பிறகு அண்ணா சாலை, ஓ.எம்.ஆர்., ஜி.எஸ்.டி. சாலை, கடற்கரைச் சாலை என்று சென்னையின் பெரிய சாலைகளில் தடுப்பு வைத்து ஊதச் சொல்வது வழக்கம். அப்படிப் பிடிபட்டு, எழும்பூரிலோ சைதாப்பேட்டையிலோ ஜார்ஜ் டவுனிலோ தண்டனை வாங்கிய பிறகு, "அன்றைக்குப் போலீஸ் நடந்துகொண்ட விதமே சரியில்லை, அதை வைத்து அப்பீல் போகலாமா?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழக்கு இன்னும் முடியாதவர்களும் படியுங்கள். சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் இது அதிகம் பயன்படும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டு வண்டி எடுப்பதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. எதிரே வருகிறவரின் உயிர் அதில் இருக்கிறது. அதே சமயம், ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல அரசு தன் வேலையைச் சட்டப்படி செய்தே ஆக வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. சாப்பாடு டெலிவரி ஓட்டுகிற பையனுக்கும் ஆட்டோக்காரருக்கும் ஆறு மாதம் லைசென்ஸ் போனால் வீட்டு வாடகையே போச்சு. அவ்வளவு பெரிய விளைவைக் கொண்டுவருகிற ஒரு காகிதம் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டாமா?

சட்டம் என்னதான் சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பது பிரீத் அனலைசர் சோதனையிலோ ரத்தப் பரிசோதனை போன்ற வேறு சோதனையிலோ தெரிந்தால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். இந்தக் குற்றத்துக்கு நடுரோட்டில் போலீஸே ஃபைன் வாங்கி முடித்துவிட முடியாது. கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான்.

போலீஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது 202 முதல் 205 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. அப்பீலுக்கு உயிர் அந்த நான்கு பிரிவுகளில்தான்.

போலீஸ் விதியை மீறினால் கேஸே நிற்காது என்று இணையத்தில் படித்தேன். உண்மையா?

இல்லை. இணையத்தில் கிடைப்பதில் பாதி அமெரிக்கச் சட்டம். நிறுத்தியதே தவறு என்று காட்டினால் அதற்குப் பிறகு கிடைத்த ஆதாரமெல்லாம் தூக்கி எறியப்படும் என்ற விதி அங்கே இருக்கிறது. இங்கே அப்படி இல்லை. முறைகேடாக நடந்த சோதனையில் கிடைத்தது என்பதாலேயே ஓர் ஆதாரத்தை ஒதுக்கிவிட முடியாது என்று பூரன் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது.

இன்னொரு தடையும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 511, கீழ் கோர்ட்டில் நடந்த நடைமுறைக் குறையால் நீதி உண்மையிலேயே கெட்டுப்போனது என்று காட்டினால்தான் தீர்ப்பை மாற்றலாம் என்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதுவே 465. அந்தக் குறையை முன்னமே சொல்லியிருக்க முடியாதா என்பதையும் நீதிபதி பார்ப்பார்.

ஆகவே "எஸ்.ஐ. மரியாதை இல்லாமல் பேசினார், சாவியைப் பிடுங்கினார், நடுரோட்டில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்" என்பது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அது மட்டுமே தண்டனையை உடைக்காது. அவருடைய நடத்தை ஆதாரத்தைத் தொட வேண்டும். அந்த நடத்தையால் கருவி காட்டிய அளவு நம்பத்தகாததாக ஆகிறதா? அதை எடுத்தவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா? அரசு நிரூபிக்க வேண்டியதை நிரூபிக்காமல் விட்டதா? அப்பீலில் பேச வேண்டியது இதைத்தான்.

அப்படியானால் எந்தத் தவறுகள் எடுபடும்?

முதலாவது, யூனிஃபார்ம். ஊதச் சொல்லும் அதிகாரம் பிரிவு 203-ன்படி சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரிக்கும் மோட்டார் வாகனத் துறை அதிகாரிக்கும்தான். மஃப்டியில் இருந்தவர் ஊத வைத்தார் என்றால் அது வெறும் நடைமுறைக் குறை இல்லை, அதிகாரமே இல்லாத செயல்.

இரண்டாவது, சந்தேகத்துக்கான காரணம். நியாயமான சந்தேகம் இருந்தால் ஊதச் சொல்லலாம் என்றுதான் 203 சொல்கிறது. வண்டியை நிறுத்தி லைசென்ஸ் கேட்பதற்கு இது தேவையில்லை, ஊத வைப்பதற்குத்தான் தேவை. ஆனால் இதில் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். கண்ணாடியை இறக்கியதும் வாடை வந்தது என்று அதிகாரி சாட்சி சொன்னாலே பெரும்பாலும் போதும்.

மூன்றாவது, ஓட்டினீர்களா? ஓட்டுகிறவர் அல்லது ஓட்ட முயல்கிறவர் மீதுதான் இந்தப் பிரிவு பாயும். பின்னால் உட்கார்ந்து வந்தவர் மீதோ, நிறுத்திய பைக்கின் பக்கத்தில் நின்று நண்பருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தவர் மீதோ பாயாது. இப்படிப்பட்ட வழக்கில் போலீஸ் அறிக்கையில் எந்த இடத்தில், எந்தத் திசையில் வந்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதியிருக்கிறது என்பதை வரி வரியாகப் படியுங்கள்.

நான்காவதுதான் என் பார்வையில் மிக வலுவானது: நேரமும் காகிதமும். ஊதியதும் கருவியிலிருந்து வரும் சீட்டில் கருவியின் எண், தேதி, நேரம், அளவு எல்லாம் அச்சாகி வரும். அந்த நேரமும் வழக்கு ஆவணத்தில் எழுதிய நேரமும் ஒத்துப்போகிறதா? சீட்டில் இருப்பது உங்கள் கையெழுத்துதானா? சீட்டில் உள்ள கருவி எண்ணும் அளவுத்திருத்தச் சான்றில் (கருவி சரியாக அளக்கிறதா என்று சோதித்துத் தந்த சான்று) உள்ள எண்ணும் ஒன்றுதானா? இரவு 11.40-க்கு ஊதியதாகச் சீட்டு சொல்ல, 11.15-க்கே கைது என்று கைது மெமோ சொன்னால், எதற்குப் பிறகு எது நடந்தது என்று அரசுத் தரப்பு விளக்கியாக வேண்டும். ஒரே அதிகாரி ஒரே இரவில் பத்துப் பதினைந்து பேருக்கு எழுதும்போது இந்த மாதிரிக் குளறுபடி வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. சீட்டு மங்கிப்போயோ காணாமல் போயோ நகலை மட்டும் தாக்கல் செய்திருந்தால் அதையும் எதிர்க்கலாம். கருவியின் பதிவையோ வீடியோவையோ மின்னணு ஆவணமாக வைத்தால் பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி சான்று இணைக்க வேண்டும்.

ஐந்தாவது, மருத்துவப் பரிசோதனை. பிரிவு 202-ன்படி கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரிடம் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இரண்டு மணி நேரம் தாண்டியது என்பதற்காகக் கேஸ் தானாக ரத்தாகாது. சட்டம் சொல்லும் விளைவு விடுதலை செய்வது மட்டும்தான். ஆனால் ரத்தம் மூன்று மணி நேரம் கழித்து எடுக்கப்பட்டு, அந்த அளவை வைத்தே தண்டனை வந்திருந்தால், ஓட்டிய நேரத்தில் எவ்வளவு இருந்தது என்ற கேள்வியை எழுப்ப இது நல்ல இடம். ரத்தம் பரிசோதித்த ஆய்வகம் அரசு நிறுவியதாகவோ அங்கீகரித்ததாகவோ இருக்க வேண்டும் என்பதையும் சரிபாருங்கள்.

கருவியே தவறு என்று சொல்லலாமா?

சும்மா சொன்னால் எடுபடாது. சொல்வதற்கு அடிப்படை இருந்தால் எடுபடும். மூச்சில் உள்ள ஆல்கஹாலை அளந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கும் என்று கருவி கணக்குப் போடுகிறது. வழக்கமாக 2100-க்கு 1 என்ற விகிதம். இந்த விகிதம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். மவுத்வாஷ் கொப்பளித்தாலோ, ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து குடித்தாலோ வாயில் தங்கும் ஆல்கஹால் சில நிமிடங்களுக்கு அளவைக் கூட்டிக் காட்டும். அதனால்தான் பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி ஊத வைப்பது நல்ல நடைமுறை. சட்டமே "ஒன்றோ அதற்கு மேற்பட்டோ" மூச்சு மாதிரி என்றுதான் சொல்கிறது.

34 காட்டியவருக்கு இந்த வாதம் உயிர். 140 காட்டியவருக்கு இதனால் பயனில்லை. கருவி கொஞ்சம் கூடவே காட்டியிருந்தாலும் 140 என்பது 30-க்குக் கீழே வராது.

அந்தக் கருவி மத்திய அரசு அரசிதழில் அறிவித்து ஒப்புதல் தந்த வகையைச் சேர்ந்ததா, கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்தார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். ஆனால் பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம், உங்கள் அப்பீலுக்கும் 30 நாள்தான் கெடு. பதில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்பீல் மனுவைப் போட்டுவிட்டு, ஆவணம் வந்ததும் கூடுதல் சாட்சியமாக ஏற்கும்படி நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 432-ல் கேளுங்கள்.

கருவியே இல்லை. வாடை அடித்தது, தள்ளாடினார் என்று மட்டும் எழுதித் தண்டனை கொடுத்துவிட்டார்கள்.

அப்பீலுக்குத் தகுதியான வழக்கு இது. வாடை, தள்ளாட்டம், குழறிய பேச்சு, விரிந்த கண்மணி இவற்றை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று 1971-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. அதிலும் ரத்தமோ சிறுநீரோ பரிசோதிக்கப்படவில்லை. 185-ல் குற்றமே ஒரு எண்ணைத் தாண்டுவதில்தான் இருக்கிறது. எண் இல்லாமல் தண்டனை எப்படி வரும்? போதைப்பொருள் வழக்குக்கு இந்த எண் பொருந்தாது, அது அதே பிரிவில் வேறு உட்பிரிவு.

நான் ஊத மறுத்தேன். அது என் உரிமை இல்லையா?

மறுத்தால் கைது செய்யலாம் என்று 203 சொல்கிறது. சரியான காரணம் இல்லாமல் மறுத்ததை உங்களுக்கு எதிரான ஊகமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 205 சொல்கிறது. தனக்கெதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியல் சட்டப் பிரிவு 20(3) உடலிலிருந்து எடுக்கும் மாதிரிகளுக்குப் பொருந்தாது என்பது 1961 முதலே முடிவான விஷயம். ஆஸ்துமா, நெஞ்சு ஆபரேஷன் என்று மருத்துவக் காரணம் இருந்து, அதை அங்கேயே சொல்லியும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகவில்லை என்றால் மட்டும் பேச இடம் இருக்கிறது.

"ரெண்டு பெக் போட்டேன் சார், விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டேனே?

குற்றத்தை ஒப்புக்கொண்டு போலீஸிடம் சொன்னதைக் கோர்ட்டில் உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. சாக்ஷிய அதிநியம் பிரிவு 23, பழைய சாட்சியச் சட்டத்தில் 25. தீர்ப்பில் இதையே காரணமாக எழுதியிருந்தால் அப்பீல் மனுவில் அதை முதலில் வையுங்கள்.

கோர்ட்டில் ஒப்புக்கொண்டு பத்தாயிரம் கட்டிவிட்டேன். இப்போது அப்பீல் போகலாமா?

என்னிடம் வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் நிற்பது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேலைக்கு லீவு போட முடியாது, வாய்தா வாய்தாவாக அலைய முடியாது, "ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிடும்" என்று வாசலில் யாரோ சொல்லியிருப்பார்கள். தலையை ஆட்டிவிட்டுப் பணத்தைக் கட்டிவிட்டு வந்திருப்பீர்கள். அந்த ஒரு தலையாட்டலோடு பெரும்பாலான கதவுகள் மூடிவிடுகின்றன. குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்த தண்டனைக்கு அப்பீல் கிடையாது, தண்டனையின் அளவையும் அது சட்டப்படியானதா என்பதையும் மட்டும் கேள்வி கேட்கலாம் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 416. பத்தாயிரம் என்பது சட்டமே குறித்த தொகை என்பதால் அளவைப் பற்றிப் பேசவும் அதிகம் இல்லை.

மூடாமல் இருக்கும் கதவுகள் இரண்டு. ஒன்று, முன்பு தண்டனை பெற்றதற்கு ஆதாரமே வைக்காமல் இரண்டாவது குற்றம் என்று சொல்லி 15,000 போட்டிருந்தால், அது சட்டப்படியான தண்டனையா என்ற கேள்வி. இன்னொன்று, நீங்கள் ஒப்புக்கொண்டது உண்மையிலேயே ஒப்புதல்தானா என்பது. மாஜிஸ்திரேட் முதலில் குற்றச்சாட்டின் விவரத்தை உங்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் ஒப்புக்கொண்டால் அதைக் கூடுமானவரை உங்கள் சொற்களிலேயே பதிவு செய்ய வேண்டும். இது அதே சன்ஹிதாவின் பிரிவு 274, 275. இது கட்டாயமான விதி, மீறினால் தண்டனையே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1960-களில், அதுவும் நம் மதராஸ் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில். உங்கள் பதிவேட்டில் "குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று முன்பே அச்சடித்த வரியில் ஒரு டிக் மட்டும் இருந்தால், அந்தத் தீர்ப்பை வைத்து ரிவிஷன் (சீராய்வு மனு) போடலாம். அதற்குக் கெடு 90 நாள்.

வழக்கு இன்னும் முடியாதவர்களுக்கு: உங்கள் சீட்டையும் போலீஸ் கொடுத்த காகிதங்களையும் ஒரு வக்கீலிடம் காட்டாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஒப்புக்கொள்வதுதான் சரி என்று பார்த்துவிட்டு முடிவெடுத்தால் அது உங்கள் முடிவு. பார்க்காமலே ஒப்புக்கொள்வது வேறு.

அப்பீலை எங்கே, எத்தனை நாளுக்குள் போட வேண்டும்?

மாஜிஸ்திரேட் கொடுத்த தண்டனைக்கு எதிராக செஷன்ஸ் கோர்ட்டில், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 415-ன்படி. சென்னை நகரக் கோர்ட் என்றால் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் முதன்மை செஷன்ஸ் கோர்ட். தாம்பரம் என்றால் செங்கல்பட்டு மாவட்டம், பூந்தமல்லி என்றால் திருவள்ளூர் மாவட்டம். எந்த கமிஷனரேட் போலீஸ் பிடித்தார்கள் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், தீர்ப்பு கொடுத்த கோர்ட் எந்த மாவட்டத்தில் வருகிறது என்று பாருங்கள்.

கெடு தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்து வாங்க ஆன நாட்கள் இதில் கழியும். அதனால் தீர்ப்பு வந்த அன்றோ மறுநாளோ காப்பி அப்ளிகேஷன் போட்டுவிடுங்கள். கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரி தனி மனு போடலாம், ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் கேட்பார்கள்.

சின்ன அபராதத்துக்கு அப்பீல் இல்லை என்று யாராவது சொன்னால், அந்தத் தடை சம்மரி (சுருக்க முறை) விசாரணையில் 200 ரூபாய்க்கு மிகாத அபராதத்துக்கு. பத்தாயிரத்துக்கு அது பொருந்தாது. மறுத்து வழக்கை நடத்தித் தோற்றவர் அபராதத்தைக் கட்டிவிட்டதாலும் அப்பீல் உரிமை போகாது. ஜெயித்தால் கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி மனுவிலேயே கேட்டுவிடுங்கள். சிறைத் தண்டனை என்றால் அதை நிறுத்தி வைக்கக் கோரும் மனுவும் கூடவே போக வேண்டும், அதே சன்ஹிதாவின் பிரிவு 430.

விசாரணையில் கேட்காத விஷயத்தை அப்பீலில் முதன்முதலாகச் சொல்லலாமா?

சட்டப் பிரச்சினை என்றால் சொல்லலாம். நடந்த சம்பவம் என்றால் கஷ்டம். "எஸ்.ஐ. யூனிஃபார்மில் இல்லை" என்பதை அவர் சாட்சிக் கூண்டில் நின்றபோது குறுக்கு விசாரணையில் அவரிடமே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதை செஷன்ஸ் நீதிபதி பின்னால் யோசித்துச் சேர்த்த கதையாகத்தான் பார்ப்பார். அப்பீலில் வேலை செய்யப்போவது கீழ் கோர்ட்டில் நீங்கள் விட்டு வந்த பதிவுகள்தான்.

லைசென்ஸ் என்ன ஆகும்?

இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

போலீஸ் லைசென்ஸைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். ஆனால் தகுதி நீக்கம் செய்வது அவர்கள் வேலை இல்லை, லைசென்ஸ் அதிகாரியின் வேலை. அவரும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டு, காரணம் எழுதித்தான் முதல் தடவைக்கு மூன்று மாதம் தகுதி நீக்கம் செய்ய முடியும். கேட்காமலே உத்தரவு போட்டிருந்தால் அதற்கு எதிராக 30 நாளில் தனி மேல்முறையீடு உண்டு, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 19.

இன்னொன்று கோர்ட் போடும் தகுதி நீக்கம். 185-ல் தண்டித்தால் குறைந்தது ஆறு மாதம் என்று பிரிவு 20 சொல்கிறது. நீங்கள் அப்பீல் போட்டதாலேயே இது நின்றுவிடாது. அப்பீல் கோர்ட் நிறுத்தி வைத்துத் தனியாக உத்தரவிட வேண்டும், பிரிவு 23. இதைக் கேட்க மறந்துவிட்டு, அப்பீல்தான் நிலுவையில் இருக்கிறதே என்று வண்டி ஓட்டினால் பிரிவு 182-ல் புதுக் கேஸ்: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள்.

வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருந்தால் அவரிடம் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் உறவினருக்குச் சொல்ல வேண்டும், குடித்திருந்தார் என்பதற்காக மட்டும் வண்டியைப் பறிமுதல் செய்யக் கூடாது என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. அது இங்கே நேரடியாகக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம். தண்டனைக்கு எதிரான அப்பீலில் இதற்கு வேலை இல்லை, வண்டியை மீட்கும் மனுவில் உண்டு.

பெண்ணை இரவில் நிறுத்திக் கைது செய்தால்?

சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்ய, தவிர்க்க முடியாத சூழலில் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த விதி மீறப்பட்டாலே கைது செல்லாததாகிவிடாது, ஏன் பின்பற்ற முடியவில்லை என்று அதிகாரி விளக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025-ல் கூறியது. ரத்தம் எடுப்பவர் ஆண் மருத்துவர் என்றால் ஒரு பெண் உடனிருந்தே ஆக வேண்டும், பிரிவு 204. மருத்துவக் குறிப்பில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடித்தார்கள். பணம் கேட்டார்கள். அதற்கு நியாயமே கிடையாதா?

உண்டு, ஆனால் அது வேறு வாசலில். அடித்ததற்கு மாநில மனித உரிமை ஆணையத்தில் ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம். காயம் இருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனையில் பதிவு செய்யுங்கள், மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது வாயைத் திறந்து சொல்லுங்கள். ஸ்டேஷனுக்குள் நடந்தது என்றால் சிசிடிவி பதிவைக் கேளுங்கள். பதிவைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உத்தரவிட்டிருக்கிறது. கைது மெமோ, உறவினருக்குத் தகவல் போன்றவை கைது விதிமுறைகளை உச்ச நீதிமன்றம் வகுத்த டி.கே. பாசு வழக்கு காலத்திலிருந்தே போலீஸின் கடமை. லஞ்சம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை. கட்டாயத்தால் கொடுத்துவிட்டவர் ஏழு நாளுக்குள் புகார் சொன்னால் அவர் மேல் குற்றம் வராது.

தண்டனைக்கும் இதற்கும் ஒரே ஒரு தொடர்பு இருக்கலாம். பணம் தராததால் பொய்யாக எழுதினார்கள் என்பது உங்கள் தரப்பு என்றால், அந்தப் புகார் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்பது முக்கியம். சம்பவம் நடந்து இரண்டாம் நாள் கொடுத்த புகாருக்கு இருக்கும் மதிப்பு, தண்டனை வந்த பிறகு கொடுத்த புகாருக்கு இருக்காது.

அப்பீல் போனால் தண்டனை கூடிவிடுமா?

உங்கள் அப்பீலில் கூட்ட முடியாது. அரசு தனியாகக் கேட்டால்தான்.

விபத்து நடந்து ஒருவர் இறந்துவிட்டார், அதிலும் இதே வாதங்கள் உதவுமா?

அது வேறு வழக்கு, வேறு சட்டம், வேறு தண்டனை. இந்தப் பக்கத்தை நம்பி எதுவும் செய்யாதீர்கள். இன்றே வக்கீலைப் பாருங்கள்.

எப்போது அப்பீல் வேண்டாம் என்பீர்கள்?

அளவு மிக அதிகம், சீட்டில் நேரமும் எண்ணும் சரி, கையெழுத்து உங்களுடையது, அதிகாரியின் சாட்சி குறுக்கு விசாரணையில் அசையவில்லை, உங்கள் மனக்குறை அவர் பேசிய தொனி மட்டும்தான் என்றால், அப்பீலில் செலவழிக்காதீர்கள். அவர் பேசியதற்கு வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் எழுத்துப் புகார் கொடுங்கள், அதற்கு நகலும் ஒப்புகையும் வாங்குங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை.

பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழ் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டு சட்டம். அப்பீலுக்கும் இது பொருந்தும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலே வழி சொல்வார்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். போகும்போது தீர்ப்பு நகல் அல்லது காப்பி அப்ளிகேஷன் எண், ஊதியபோது கருவியில் வந்த சீட்டு, கைது மெமோ, அபராத ரசீது, லைசென்ஸைக் கைப்பற்றியதற்குக் கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அன்று இரவு நடந்ததை, எந்த நேரத்தில் எது என்று, நினைவு மங்குவதற்கு முன் ஒரு தாளில் எழுதி அதையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.